சாலை இறைக்கும் நீர்

பண்டாரவளையில் மழைநாளில் சைக்கிள் ஓட்டுபவரின் பாதம் நனைவதற்கு வானத்தைக் காட்டிலும் சாலையே பெரிய காரணம் என்பதும், ஆகவே பாதத்தைக் காக்கும் முயற்சி சப்பாத்திலிருந்து அல்லாமல் முன்சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் எளிய பௌதிகக் கணக்கொன்றின் வழியே பெறப்படும் முடிவுகளாகும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில், மத்திய மலைநாட்டின் கிழக்குப் பக்கத்தில் அமைந்த இந்நகரத்தைத் தென்மேற்குப் பருவக்காற்று வந்தடையும்போது அதன் மழை ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளிலேயே பெரும்பாலும் பொழிந்து தீர்ந்திருக்கும். எஞ்சிய வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்பெற்ற மணத்தைத் தருகிறது. இங்கு மழை வலுப்பது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையில்தான். அதோடு, இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்து பிற்பகல் இடிமழையாகக் கொட்டுவது வழக்கமாதலால், காலையில் உலர்ந்த சாலையில் சென்ற மாணவர் பிற்பகல் 1.30 மணிக்குப் பாடசாலை விட்டதும் நீரோடும் சாலையில் திரும்ப நேர்கிறது.

மலைப்பாங்கான நிலமாதலால் யாழ்ப்பாணத்தைப் போல இங்கே சைக்கிள் பெருவழக்கில் இல்லை. ஏற்றத்தில் உருட்டிச் செல்வதும் இறக்கத்தில் ஏறி அமர்வதுமே மலைநாட்டுச் சைக்கிளோட்டம். பண்டாரவளையிலிருந்து பதுளைக்குச் செல்லும் வழி முடிவில் 500 மீற்றருக்கும் மேல் தாழ்ந்துவிடுகிறது. இந்த இறக்கம் பாதத்தின் ஈரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

உருளும் சக்கரத்தின் டயர், தரையைத் தொடும் இடத்தில் சாலை நீரை ஒட்டியெடுத்துப் பின்புறமாக மேலே தூக்குகிறது. அந்த நீர் டயரோடு சேர்ந்து வட்டமாகச் சுற்ற வேண்டுமானால் அதனை மையத்தை நோக்கி இழுக்கும் விசை வேண்டும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில், 33 சென்ரிமீற்றர் ஆரையுள்ள சக்கரத்தில், அதற்குத் தேவைப்படும் ஆர்முடுகல் புவியீர்ப்பினுடையதைப் போல ஒன்பது மடங்குக்கும் மேலாகும். நீருக்கும் இறப்பருக்கும் இடையிலான ஒட்டுவிசையால் இதனை ஈடுசெய்ய இயலாததால், நீரின் பெரும்பகுதி தரையை விட்டுச் சிறிதே எழுந்த நிலையில் தொடுகோட்டுத் திசையில், அதாவது சக்கரத்தின் விளிம்பை உரசிச் செல்லும் நேர்கோட்டில், தெறித்துவிடுகிறது. சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் நோக்கில் அத்துளிகள் அதே 20 கிலோமீற்றர் வேகத்தில் பின்னோக்கியும் சற்று மேல்நோக்கியும் பாய்கின்றன. சுமார் 60 சென்ரிமீற்றர் தொலைவிலுள்ள பெடலை அவை ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடியில் அடைந்துவிடுவதால், புவியீர்ப்பு அவற்றைக் கீழே இழுப்பதற்குப் போதிய அவகாசமே இல்லை. தேவைப்படும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், இறக்கத்தில் வேகம் 40 கிலோமீற்றராக இரட்டிக்கும்போது அது நான்கு மடங்காகிறது.

இதனால் மட்காட்டின் நீளம் முதன்மை பெறுகிறது. சக்கரத்தின் அச்சு மட்டத்திலேயே முடிந்துவிடும் குட்டையான மட்காட், முகத்தையும் மார்பையும் காக்குமேயன்றிப் பாதத்தைக் காக்காது. ஏனெனில் பாதத்தை நனைக்கும் துளிகள் அதற்குக் கீழேயே டயரை விட்டுப் பிரிந்துவிடுகின்றன. முன்மட்காட்டின் கீழ்முனையில் தரைக்குச் சில விரற்கடை உயரம் வரை தொங்கும்படி ஓர் இறப்பர்த் துண்டைப் பொருத்துவதே இதற்கான தீர்வு. பழைய டியூபிலிருந்தோ தடித்த பிளாஸ்டிக் போத்தலிலிருந்தோ வெட்டிய துண்டே போதுமானது. அது சக்கரத்தை விட அகலமாகவும், காற்றில் சக்கரத்துக்குள் மடிந்து சிக்காத அளவு விறைப்பாகவும் இருக்க வேண்டும். மட்காட்டே இல்லாத மலைச் சைக்கிள்களைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவோர் இந்தச் சிறு செலவைச் சேர்த்தே எண்ணிப் பார்ப்பது நல்லது.

மேலிருந்து வரும் நீரும் உண்டு. நடுத்தர மழைத்துளி வினாடிக்கு ஆறேழு மீற்றர் வேகத்தில் விழுவதால், 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவருக்கு நேராகப் பெய்யும் மழையும் சுமார் 40 பாகை சாய்ந்து முன்னாலிருந்து வருவதாகிறது. அப்புத்தலைப் பக்கத்து மூடுபனியின் நுண்துளிகளோ வினாடிக்குச் சில சென்ரிமீற்றருக்கு மேல் விழாதவையாதலால், அவை ஏறத்தாழ கிடையாகவே வந்து சப்பாத்தின் முனையிலும் கணைக்காலிலும் படிகின்றன. அவ்வாறு படிந்த நீர் காலின் வழியே இறங்கிச் சப்பாத்தின் வாய்க்குள் நுழைவதைத் தடுக்க, லயத்துக் கூரையில் மேல் தகரம் கீழ் தகரத்தின் மீது படிந்திருப்பது போல, மழைக் காற்சட்டையின் விளிம்பு சப்பாத்தின் வெளிப்புறமாக விழ வேண்டும். உள்ளே செருகினால் எத்தகைய சப்பாத்தும் நீரைத் தேக்கிவைக்கும் பாத்திரமாகிவிடும்.

நீர்புகாத சப்பாத்தைப் பற்றிய நம்பிக்கையையும் இங்கே சற்று ஆராய வேண்டும். 1969இல் ரொபர்ட் கோர் என்பவர், ஒட்டாத சட்டிகளில் பூசப்படும் பொருளை விரைவாக இழுத்து நீட்டி நுண்துளைகள் கொண்ட மென்படலமாக்கினார். கோர்டெக்ஸ் எனப்படும் அப்படலத்தின் துளைகள் நீர்த்துளியை நுழைய விடாத அளவு சிறியனவாயினும், வியர்வையின் ஆவியை வெளியேற விடும் அளவு பெரியன. ஆனால் ஆவி வெளியேறுவது உள்ளும் புறமும் உள்ள ஆவியமுக்க வேறுபாட்டால் மட்டுமே. 32 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஈரப்பாதத்தை ஒட்டிய காற்றில் ஆவியமுக்கம் சுமார் 4.8 கிலோபாஸ்கல், மழைபெய்யும் 5 பாகைக் குளிர்நாட்டில் வெளிக்காற்றினுடையது 0.9, பண்டாரவளையின் 18 பாகை மழையிலோ அது 2.1. ஆகவே ஆவியை வெளித்தள்ளும் வேறுபாடு குளிர்நாட்டில் 3.9ஆகவும் இங்கே 2.7ஆகவும் அமைந்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. குளிர்நாட்டவர் பெருவிலை கொடுத்து வாங்கும் சப்பாத்துக்குள் மலைநாட்டவரின் பாதம் தன் வியர்வையிலேயே நனையக்கூடும். காலுறைக்கு மேல் பொலித்தீன் பையைச் சுற்றிச் சப்பாத்துக்குள் நுழைத்துக்கொள்ளும் எளிய முறையிலும் இதே குறை உண்டு. குறுகிய பயணத்துக்கு அது உதவும், நெடும்பயணத்துக்கு உதவாது.

ஈரம் குளிரூட்டுவது, நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதாலும், ஒவ்வொரு கிராம் நீர் ஆவியாகும்போதும் சுமார் 2.4 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்வதாலும் ஆகும். பருத்திக் காலுறை நனைந்தால் இழைகளுக்கிடையிலிருந்த காற்றை இழந்து தோலோடு ஒட்டிக்கொள்கிறது. கம்பளி இழையோ தன் எடையில் மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் சுருண்ட வடிவை இழக்காமல் காற்றைப் பிடித்துவைக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பல தலைமுறையாக மழையில் கம்பளியைப் போர்த்தியதன் அறிவியல் இதுவே.

முற்றிலும் உலர்ந்த பாதம் கிட்டாத நாட்களில், விரைவில் உலரும் பாதமே அடுத்த இலக்காக வேண்டும். குளிர் கடுமையாக இல்லாத இந்நிலத்தில், பின்பட்டியுள்ள இறப்பர்ச் செருப்பு நனைந்த சப்பாத்தைவிட மேலானது. அதில் நீர் தங்குவதில்லை, காற்றும் புகுகிறது. நெடுநேரம் ஊறிய தோலின் மேற்படை வீங்கி வலுவிழப்பதால்தான் விரலிடுக்கில் பூஞ்சை பற்றிச் சேற்றுப்புண் உண்டாகிறது. எனினும் வெறுங்கால் இதற்கு மாற்றாகாது. ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் குடம்பிகள் விரலிடுக்கின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைந்து, குடலில் குருதியை உறிஞ்சித் தோட்டத் தொழிலாளரைச் சோகைக்கு உள்ளாக்கின. 1910களில் ரொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் இதற்கெதிராகத் தனி இயக்கமே நடத்தியது. மழைக்குக் கம்பளி இருந்த அம்மக்களின் கால்களுக்குப் பாதணி இல்லாதிருந்தது நினைக்குந்தோறும் வருந்தத்தக்கது.

வயலோரத்து வெள்ளத்தில் சைக்கிளைத் தள்ளிச் செல்வோர் எலிக்காய்ச்சலையும் மனத்திற்கொள்ள வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள இந்நோய்க் கிருமிகள் கீறல்களினூடாகவும், நெடுநேரம் ஊறிய தோலினூடாகவும் உடலுக்குள் புகுகின்றன. 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அத்தகைய நீரில் நின்ற பின் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், நீரில் நின்ற செய்தியை வைத்தியரிடம் தவறாமல் கூற வேண்டும்.

வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் கழுவி விரலிடுக்கைத் துடைப்பதும், கன்வஸ் சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் தளர்வாகத் திணித்து ஒரு மணி நேரத்துக்கொரு முறை மாற்றுவதும் எஞ்சிய பணிகளாகும். தாளின் நுண்ணிழைகள் மயிர்த்துளைக் கவர்ச்சியால், அதாவது ஒடுங்கிய இடைவெளிகளுக்குள் நீர் தானாகவே ஏறும் இயல்பால், துணியின் ஈரத்தை இழுத்துக்கொள்கின்றன. அடுப்பங்கரைக்கு மிக அருகில் வைத்தால் சூடு அடிப்பாகத்தின் பசையை இளக்கிவிடுமாதலால், கைக்குச் சூடு இதமாகப் படும் தொலைவில் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும்.