பகல் தூக்கம் பாவமா?

"பகல்ல தூங்கற வீட்ல லட்சுமி தங்க மாட்டா." இதைக் காதில் வாங்காமல் புகுந்த வீட்டில் பத்து வருஷம் ஓட்டிய பெண் நம் வாசகியரில் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம். எங்கள் திருத்தணி ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. ஆனால் எந்த மொழியில் திட்டினாலும் மத்தியானம் கண்ணயர்ந்த மருமகளுக்கு விழுகிற திட்டு ஒன்றுதான்: சோம்பேறி, தூங்குமூஞ்சி, மூதேவி. அதே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் குறட்டை விடும் ஆண்பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. "பாவம், வாரம் பூரா உழைச்ச உடம்பு" என்று ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமாகத்தான் வைப்பார்கள்.

நம் உடம்பு மட்டும் என்ன, உழைக்காத உடம்பா? கணவர் சென்னையில் வேலை பார்க்கிறார் என்றால் அவருக்கு அதிகாலை மின்சார ரயில். அதற்கு முன் டிபன், மத்தியானத்துக்குச் சாதம், குழம்பு எல்லாம் ஆக வேண்டும். ஆக, நமக்கு நாலரை மணிக்கே விடிந்துவிடுகிறது. ராத்திரி அவர் திரும்பி வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவு ஆட்டி வைத்து, படுக்கும்போது மணி பதினொன்று. மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. அதே வேலைக்குக் கை கொடுக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். அப்படிக் கை கொடுக்கும் ஆண்களே எத்தனை பேர் என்பது வேறு விஷயம்!

சரி, பகல் தூக்கம் நல்லதா கெட்டதா? எவ்வளவு நேரம் தூங்குகிறோம், எப்போது தூங்குகிறோம், எதனால் தூக்கம் வருகிறது என்ற மூன்றையும் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

எங்கோ வெளிநாட்டில் எடுத்த ஆராய்ச்சியை எழுதினால் "அவங்க ஊரு குளிர் வேற, சாப்பாடு வேற" என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் இது நம் சென்னையிலேயே நடந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளாதார அறிஞர்கள் சிலர், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 452 பேரை ஒரு மாதம் கம்ப்யூட்டரில் விவரம் பதிவு செய்யும் வேலைக்கு வைத்துக்கொண்டு அவர்கள் தூக்கத்தை ஆராய்ந்தார்கள். 2021-ல் முடிவுகள் வெளியாயின. கையில் கடிகாரம் போல ஒரு கருவியைக் கட்டி இரவுத் தூக்கத்தை அளந்தபோது, எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர்கள் உண்மையில் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம்தான். மீதி நேரம் புரண்டு படுத்ததும் விழித்து விழித்துத் தூங்கியதும். புழுக்கம், கொசு, தெருச் சத்தம், ஒரே அறையில் நாலு பேர் என்று காரணம் நமக்குத் தெரியாததா என்ன?

சிலருக்கு மெத்தை, தலையணை, ஃபேன், காதடைப்பான் எல்லாம் கொடுத்து ராத்திரி அதிகம் தூங்க வைத்தார்கள். தினமும் சராசரியாக 27 நிமிடம் தூக்கம் கூடியது. ஆனால் அதனால் வேலையிலோ மனநிலையிலோ குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. வேறு சிலரை மத்தியானம் வேலை செய்யும் இடத்திலேயே அரை மணி நேரம் படுக்கச் சொன்னார்கள். இந்தக் குட்டித் தூக்கம் வேலை செய்தது! வேலையில் சுறுசுறுப்பு, கவனம், மனசில் தெம்பு மூன்றும் கூடியது. ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாக இருப்பதால் அதைக் கொஞ்சம் நீட்டினாலும் பலன் தெரியாமல் போயிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் யூகம். ஒரு குறை என்னவென்றால், தூங்கிய நேரம் வேலை நேரத்தில் கழிந்துவிட்டது. நமக்கு அந்தக் கவலை இல்லை. சம்பளமே கிடையாதே, எதில் கழிப்பது?

மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் கண்ணைச் சொக்குவது சாதத்தின் குற்றம் மட்டுமில்லை. உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே அந்த நேரத்தில் ஒரு முறை இறங்கி ஏறுகிறது. விரதம் இருக்கும் நாளிலும் இது வரும், கிருத்திகை விரதம் இருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் இன்னும் பலமாக வரும், அவ்வளவுதான். அதோடு, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூங்கினால்தான் அது குறையும். நாலரை மணிக்கு எழுந்தவளுக்கு மத்தியானத்துக்குள் ஒன்பது மணி நேர பாக்கி ஏறிவிடுகிறது. காபி அந்தப் பாக்கியை மறைக்குமே தவிர அடைக்காது.

"சித்தர்களே பகலில் தூங்காதேன்னு சொல்லியிருக்காங்க" என்பார்கள் பெரியவர்கள். உண்மைதான். நோய் வராமல் இருக்கத் தேரையர் சொன்ன விதிகளில் பகலுறக்கம் கூடாது என்பதும் ஒன்று. ஆயுர்வேதத்தில் சரக சம்ஹிதையும் பொதுவாகப் பகல் தூக்கத்தைக் கண்டிக்கத்தான் செய்கிறது. கபமும் பித்தமும் கூடும் என்கிறது. ஆனால் விதிவிலக்குகளையும் சேர்த்தே சொல்கிறது. கோடையில் இரவு சுருங்கிப் போவதால் அப்போது எல்லோரும் பகலில் தூங்கலாமாம். குழந்தைகள், வயதானவர்கள், பலவீனமானவர்கள், சுமை தூக்கியும் வேலை செய்தும் வழி நடந்தும் களைத்தவர்கள், துக்கப்பட்டவர்கள் இவர்களுக்கு எந்தக் காலத்திலும் தடையில்லை. எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. உட்கார்ந்தபடியே கண்ணயர்வதால் உடம்பில் கபமும் சேராது, வறட்சியும் ஏறாது என்கிறது அந்த நூல். திண்ணைத் தூணில் சாய்ந்து தூங்கிய நம் பாட்டிமார் சரகரைப் படித்தவர்கள் இல்லை. பகலில் தூங்கவே கூடாதவர்கள் யார் தெரியுமா? உடம்பு பருத்தவர்களும் தினமும் நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிடுபவர்களும். அந்த ஞாயிற்றுக்கிழமைக் குறட்டைக்காரரிடம் இதைப் படித்துக் காட்டலாம்.

கத்திரி வெயிலில் வானிலை அறிக்கையைக் கேட்பவர்களுக்குத் தெரியும், வேலூர், திருத்தணி என்று எங்கள் ஊர்ப் பெயர் அடிக்கடி வரும். மலையில் 365 படியும் அந்த நாளில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். சுவரும் மொட்டை மாடியும் பகலெல்லாம் குடித்த சூட்டை நடுராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்குத்தான் கொஞ்சம் காற்று வரும், அப்போது தூக்கம் பிடிக்கும், உடனே அலாரம் அடிக்கும். இப்படிப்பட்ட ஊரில் சித்திரை, வைகாசி மத்தியானத்தில் அரை மணி நேரம் படுக்கிறவளைச் சோம்பேறி என்பது நியாயமே இல்லை.

எவ்வளவு நேரம் தூங்கலாம் என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். இருபது நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் எழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம். பாதியில் எழுந்தால் தலை பாரம், எரிச்சல், எந்த ஊர் எந்த நாள் என்று தெரியாத ஒரு மயக்கம். "தூங்கி எழுந்தா இன்னும் அசதியா இருக்கு, அதனால நான் படுக்கறதே இல்ல" என்று சொல்லும் தோழிகள் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம் தூங்கியவர்கள்தான். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, நீண்ட தூர விமானிகளுக்கு நடுவழியில் மாற்றி மாற்றி 40 நிமிடம் ஓய்வு கொடுத்துப் பார்த்தது. அவர்கள் தூங்கியது சராசரியாக 26 நிமிடம். அதுவே தரையிறங்கும் நேரத்தில் அவர்களைத் தூங்காதவர்களை விட விழிப்பாக வைத்தது. எழுந்த உடனே கொதிக்கும் பாலையோ குக்கரையோ தொடாதீர்கள். முகம் கழுவிப் பத்து நிமிடம் உட்காருங்கள்.

மூன்று மணிக்கு மேல் படுத்தால் அது ராத்திரித் தூக்கத்திலிருந்து எடுக்கிற கடன். வீட்டுப் பெரியவர்கள் பலர் மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, "ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருந்தேன்" என்று தூக்க மாத்திரை கேட்கிறார்கள். மாத்திரைக்கு முன் மத்தியானத் தூக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். கோபித்துக்கொள்வார்கள், பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

சாப்பிட்ட கையோடு பாயில் விழுவது யாருக்கும் ஆகாது. புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது வினை. அவர்கள் சாய்வு நாற்காலியில் தலையை உயர்த்தி வைத்துக் கண்ணயரலாம். சர்க்கரை உள்ளவர்கள் முதலில் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டு உட்காருங்கள். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை அதனால் குறையும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, சொக்கிக்கொண்டு வந்தால் அதைத் தூக்கம் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே இனிப்பு எதையாவது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகலில் தூங்குபவர்களிடம் சர்க்கரை, இதய நோய்கள் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தூக்கம் நோயைக் கொண்டு வருகிறதா, உள்ளே இருக்கும் நோய் தூக்கத்தைக் கொண்டு வருகிறதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு.

இந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் நான் பேனாவையே எடுத்தேன். எங்கள் தெருவில் விசைத்தறி ஓடும் ஒரு வீடு. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அந்த வீட்டு மருமகள் எந்நேரமும் தூங்கி வழிவாள். பாத்திரம் தேய்க்கும்போதே சுவரில் சாய்வாள். தறிச் சத்தத்திலும் அவளுக்குத் தூக்கம் வரும். "பொறந்த வீட்ல வேலை சொல்லிக் கொடுக்கல" என்று ஆரம்பித்த பேச்சு, அவளைக் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்கிற வரைக்கும் வந்தது. படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று அவளே ஒரு நாள் என்னிடம் சொன்னாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. அத்தையையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது. பன்னிரண்டாவது இருக்க வேண்டும். மாதவிலக்கில் அதிகமாகப் போகிறது என்பதை அவள் யாரிடமும் சொன்னதே இல்லை. இரும்புச் சத்து மாத்திரையும் சிகிச்சையுமாக நாலு மாதத்தில் வேறு ஆளாகிவிட்டாள். அந்த அத்தை இப்போது தானே முருங்கைக்கீரை வாங்கி வந்து ஆய்ந்து கொடுக்கிறார்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. பாதிக்கு மேல்! ராத்திரி ஏழெட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கியும் பகலெல்லாம் சொக்கினால் வையாதீர்கள், ரத்தத்தைச் சோதியுங்கள். கூடவே தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு ராத்திரித் தூக்கமே கெட்டுப் பகலில் தூக்கம் வரும், அதற்கும் மருத்துவம் இருக்கிறது. மனச்சோர்வும் சிலரைப் படுக்கையிலேயே போட்டுவிடும். கர்ப்பிணிகள் விஷயம் தனி. இரவுத் தூக்கம் போகப் பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு எடுக்கச் சொல்லி அரசு சுகாதாரத் துறையே அறிவுறுத்துகிறது. அவர்களை எழுப்பாதீர்கள்.

பெங்களூரில் ஒரு மெத்தை நிறுவனம் 2022-ல் தன் ஊழியர்களுக்கு மத்தியானம் இரண்டு மணி முதல் இரண்டரை வரை தூங்கும் நேரம் என்று அறிவித்தது. மெத்தை விற்பவர்கள் வேறென்ன செய்வார்கள் என்று சிரித்தாலும், யோசனை நல்ல யோசனை. கடைகளில் நாள் பூரா நிற்கும் பெண்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தான். வீட்டில் இருப்பவளுக்கு எந்தச் சட்டம் வரப்போகிறது? நாமே வாய் திறந்து கேட்டால்தான் உண்டு.

நான் கேட்டுவிட்டேன். சாப்பாடு முடிந்து, அடுப்படி துடைத்து, மணி ஒன்றே முக்கால். கொஞ்சம் உட்கார்ந்து ஏதாவது படிப்பேன். இரண்டு மணிக்கு ஜன்னலில் ஈரத் துணி கட்டிவிட்டு, செல்போனில் இருபத்தைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தரையில் பாய் போட்டுப் படுப்பேன். கட்டிலில் படுத்தால் எழுந்திருக்க மனம் வராது. தூக்கம் வராத நாளில் சும்மா கண் மூடிக் கிடந்தாலும் போதும். "அத்தை, ரெண்டரைக்கு நான் எழுந்து காபி போட்டுத் தரேன், அதுவரைக்கும் யார் வந்தாலும் நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது கேஸ்காரர் வந்தால் அவரே வாசலுக்குப் போய்விடுகிறார்.

கணவர் ராத்திரி ஷிப்டு பார்க்கும் வீடுகளில் பகலில் அவர் தூங்க வேண்டும், குழந்தைகள் சத்தம் போடக்கூடாது, சமையலும் நடக்க வேண்டும். ஒரே அறை உள்ள வீட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அனுபவப்பட்ட சகோதரிகள் எழுதினால் என் தங்கைக்கு உதவியாக இருக்கும்.

- ஒரு வாசகி, திருத்தணி