திறந்த பள்ளியும் திரும்பாத மாணவியும்

கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் நாள் நம் எல்லோருக்கும் பழக்கமானது. புதுப் புத்தகத்தின் மணம், புதுச் சீருடையின் மடிப்பு, எந்தப் பிரிவில் யார் யார் என்ற ஆவல். ஆயின், 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் பள்ளி திறந்ததே, அது அத்தகைய திறப்பன்று. கொரோனாப் பெருந்தொற்றின் பொருட்டு 2020 மார்ச்சில் சாத்திய கதவுகள் ஏறத்தாழ 19 மாதங்கள் கழித்துத் திறந்தன. ஆறாம் வகுப்பில் பையைத் தூக்கிக்கொண்டு வீடு சென்ற நாம் எட்டாம் வகுப்பு மாணவியராகத் திரும்பினோம். ஆண்டுத் தேர்வு எழுதாமலே இருமுறை தேர்ச்சி! அன்று அது நமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது என்பதை மறைப்பானேன்? கணக்கு ஆசிரியை கரும்பலகையில் விகிதமுறு எண்களைத் தொடங்கியபோதுதான் விழித்தோம். அதற்கு முழுக்களின் பெருக்கல் தெரிந்திருக்க வேண்டும். அது ஏழாம் வகுப்புப் பாடம். ஏழாம் வகுப்போ, நம் வாழ்வில் நடக்கவேயில்லை.

நடக்கவில்லை என்று ஒரேயடியாகச் சொல்வதும் நன்றியன்று. கைப்பேசியில் பாடம் வந்தது. கல்வித் தொலைக்காட்சியிலும் வந்தது. ஆனால் ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி, அதுவும் தந்தையார் வேலையிலிருந்து திரும்பிய பின்பே கிடைக்கும் என்றால், அது யார் கைக்கு முதலில் போகும்? பல வீடுகளில் தம்பிக்கு வகுப்பு நடந்தது, அக்காள் அடுப்படியில் நின்றாள். 2020 ஏப்ரலில் உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பள்ளியின்றி இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. அந்த 160 கோடியும் ஒரே அளவில் இழக்கவில்லை. அடுப்படிக்குப் போனவள் அதிகம் இழந்தாள்.

இவ்வாறு பின்தங்கிய பிள்ளைகளை மீண்டும் கரையேற்ற ஒரு மாநிலமும் அதன் மாவட்டங்களும் என்ன செய்ய முடியும்? நம் கண்முன் நடந்ததையே எடுத்துக்கொண்டு இதனை ஆராய முற்படுவோம்.

முதலில் இழப்பு எவ்வளவு என்று பார்ப்போம். நமது நற்பேறாக, தமிழ்நாட்டில் அதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ என்னும் பொருளாதார அறிஞர் மூவர் பெருந்தொற்றுக்கு முன்பே, 2019-இல், நம் மாநிலத்துக் கிராமங்களில் சிறுவர் சிறுமியரின் தமிழறிவையும் கணக்கறிவையும் சோதித்து வைத்திருந்தார்கள். 2021 டிசம்பரில் அதே ஊர்களுக்குச் சென்று அதே வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 19,000 பிள்ளைகள் இந்த ஆய்வில் அடங்குவர். இரண்டு பாடத்திலும் பெரும் வீழ்ச்சி தெரிந்தது. அதிலும் கணக்கில் ஏற்பட்ட வீழ்ச்சி தமிழில் ஏற்பட்டதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. நமக்கு இது வியப்பாக இல்லை. தமிழ் வீட்டிலும் காதில் விழும். பாட்டியின் கதையிலும் பேருந்தின் பெயர்ப் பலகையிலும் அது இருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தலை எந்தப் பாட்டி தூங்கும்போது சொல்லித் தருகிறாள்?

அதே அறிஞர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டுவிட்டது! வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளே அதிகம் இழந்திருந்தனர். மீண்டபோது அவர்களே வேகமாக மீண்டனர். இந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் அவர்கள் கணித்துள்ளனர்.

அத்திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் அதனைத் தொடங்கிவைத்தார். அந்தந்தத் தெருவில் வாழும் ஒருவரே ஆசிரியர். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, ஆறு முதல் எட்டுக்குப் பட்டம் என்று தகுதி வைத்தார்கள். மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். ஒருவரிடம் ஏறத்தாழ இருபது பிள்ளைகள். இடம் திண்ணையாயிருக்கலாம், சமுதாயக் கூடமாயிருக்கலாம், மரத்தடியாகவும் இருக்கலாம். ஏறத்தாழ 2 லட்சம் பேர் இப்பணிக்கு வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அது மிகச் சிறிய தொகை என்பதே நம் எண்ணம். மாணவியருக்குப் பேருந்துச் செலவு மிச்சம், இருட்டுமுன் வீடு திரும்பலாம், சொல்லித் தருபவர் 'எதிர்வீட்டு அக்கா' என்பதால் அம்மாவும் தடுக்கமாட்டார். தொலைவிலுள்ள பெரிய பயிற்சி நிலையம் ஒன்று இலவசமாகவே நடந்திருந்தாலும் நம் பெற்றோரில் பலர் பெண்பிள்ளையை அங்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

வகுப்பறைக்குள்ளும் மாற்றம் தேவைப்பட்டது. விட்டுப்போன பாடங்களின் சாரத்தைத் தொகுத்துப் 'புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம்' என்ற நூல்கள் வந்தன. அதைவிட முக்கியமானது 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்'. முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அவர்கள் எந்த வகுப்பு என்று பாராமல், எவ்வளவு தெரியும் என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பித்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருப்பவன் எழுத்தே அறியாதவனாயின், அவனுக்கு அரும்பு நிலைதான். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்புப் பாடத்தை மூன்று முறை உரக்கப் படிப்பதனால் முதல் வகுப்பு எழுத்து மனத்தில் ஏறிவிடாது. மாடிப்படியில் இரண்டு படி உடைந்திருந்தால், மேலே நின்று கைதட்டி அழைப்பதில் பயனென்ன?

நாடு முழுவதிலும் இதன் தேவை தெரிந்தது. 'அசர்' எனப்படும் கிராமப்புறக் கல்வி ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயன்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 100-க்கு 27.3 பேர். 2022-இல் அது 20.5 ஆகக் குறைந்தது, 2024-இல் 27.1 ஆக உயர்ந்தது. ஆக, பழைய இடத்துக்கு வந்திருக்கிறோம். பழைய இடமும் உயர்ந்த இடமன்று என்பதை எண்கள் தாமே சொல்கின்றன.

வயிற்றுக்கும் ஒரு சொல். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024-இல் ஊர்ப்புறத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளிகள் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. பசியோடு வாய்ப்பாடு ஏறாது என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் பள்ளிக்குத் திரும்பி வந்தவர்களைப் பற்றியவை. வராதவள் எங்கே?

நம் வகுப்பிலேயே ஒருத்தி 2021 நவம்பரில் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. 'வந்தேன் அம்மா' என்ற குரல் இல்லை. தந்தையார் வேலை இழந்ததால் குடும்பம் வேறு ஊர் போய்விட்டது என்றார்கள். மாவட்டத்தின் பணி இங்கேதான் கடினமாகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் 'எமிஸ்' என்னும் கல்வித் தகவல் தொகுப்பில் ஓர் எண் உண்டு. ஒரு பள்ளியை விட்டுச் சென்ற மாணவி வேறெந்தப் பள்ளியிலும் சேராதிருந்தால் அந்த எண் தனியே நிற்கும். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் அப்பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார்கள். கணினி பெயரை மட்டுமே சொல்லும். கதவைத் தட்ட மனிதர்தான் போகவேண்டும். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த ஆயன் எத்தனை மேடு பள்ளம் ஏறி இறங்கியிருப்பான் என்று அப்போது நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

தேடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சியரா லியோன் என்னும் மேற்கு ஆப்பிரிக்க நாட்டைப் பார்க்கலாம். 2014-இல் எபோலா நோயினால் அங்குப் பள்ளிகள் மூடப்பட்டன. வானொலியில் பாடம் ஒலித்தது. 2015 ஏப்ரலில் பள்ளி திறந்தபோது, இடைப்பட்ட காலத்தில் தாய்மையுற்றிருந்த சிறுமியர் பலர். அவர்கள் மற்ற மாணவியருடன் சேர்ந்து படிக்கக் கூடாது, தேர்வும் எழுதக் கூடாது என்று அந்நாட்டு அரசு தடை விதித்தது. பாதுகாப்பற்ற நாள்களில் துன்புற்றவளுக்கே தண்டனை! மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டு நீதிமன்றம் 2019 டிசம்பரில் அத்தடை தவறெனத் தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. நம் பள்ளிகள் மூடிய அதே மாதம் அது.

அதே நாட்டில் நல்லதும் நடந்தது. வங்கதேசத்தில் தோன்றிய 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் சில ஊர்களில் வளரிளம் பெண்களுக்கு மன்றங்கள் நடத்திவந்தது. அந்தந்த ஊர்ப் பெண் ஒருத்தியே வழிகாட்டி. கூடிப் பேசவும் தொழில் பழகவும் பாதுகாப்பான ஓர் இடம், அவ்வளவுதான். எபோலா கடுமையாகத் தாக்கிய பகுதிகளில், மன்றம் இருந்த ஊர்ப் பெண்கள் மன்றம் இல்லாத ஊர்ப் பெண்களைவிடக் கூடுதலாகப் பள்ளிக்குத் திரும்பினார்கள் என்று ஓரியானா பாண்டியேரா முதலிய ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். நம் திண்ணை வகுப்பின் 'எதிர்வீட்டு அக்கா' இங்கே நினைவுக்கு வருகிறார் அல்லவா?

நம் நாட்டிலும் ஊரடங்கின்போது குழந்தைத் திருமணச் செய்திகள் நாளேடுகளில் வந்தவண்ணமிருந்தன. மண்டபச் செலவில்லை, விருந்துச் செலவில்லை, பள்ளியும் இல்லை, பெண் வீட்டில்தானே இருக்கிறாள் என்று கணக்குப் போட்ட பெற்றோர் உண்டு. அவர்களைக் கொடியவர் என்று நாம் எழுதமாட்டோம். வேலையிழந்த வீட்டில் அச்சம் எப்படிப் பேசும் என்பதை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் அப்படிப் போனவள் எந்த மாலை வகுப்பின் எண்ணிக்கையிலும் இல்லை. மீட்சியின் அளவெல்லாம் மீண்டு வந்தவர்களிடமிருந்து எடுத்ததுதான்.

நம் தோழியின் கதைக்கு வருவோம். அப்போது தலைமையாசிரியையாக இருந்த அருட்சகோதரி இருமுறை பேருந்தேறிப் போய் அவள் பெற்றோரைக் கண்டார்கள். முதல் முறை கதவு பூட்டியிருந்தது. இரண்டாம் முறை அவளுடைய அம்மா அழுதுகொண்டே, 'இத்தனை நாள் விட்டுவிட்டாளே, இனி எந்த வகுப்பில் உட்காருவாள் சிஸ்டர்?' என்று கேட்டார்களாம். 2022 ஜூனில் அவள் ஒன்பதாம் வகுப்பில் நம்மோடு அமர்ந்தாள். மாலையில் அரைமணி நேரம் அவளுக்கென்று கணக்கு. அதைச் சாக்கிட்டு நாமும் முழுக்களின் பெருக்கலை அப்போதுதான் சரியாகக் கற்றோம்.

அந்த அம்மா கேட்ட கேள்வியை வேறு அம்மாக்களும் கேட்கக்கூடும். ஆகவே இதையும் எழுதிவைக்கிறோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட, இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்கவேண்டும்; விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. தொடக்கக் கல்வி முடியுமுன் பதினான்கு வயது கடந்துவிட்டாலும் அது முடியும்வரை கட்டணமில்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பள்ளியும் அவ்வகையதே. கட்டாயம் இல்லாதபோதும் அருட்சகோதரி பேருந்து ஏறினார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை.

உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பெண் ஒருத்தி இருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். திருமணப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் 1098. பேச அச்சமாயிருந்தால் நம் பள்ளி அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள், பெயர் கேட்கமாட்டார்கள்.

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்)