தொட்டிலும் சலங்கையும்

ஆடல் கண்ட ஊர்கள் – 11
இந்த வாரம்: ஆலத்தூர் நாடு, கொல்லிமலை

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் கொல்லிமலை. இங்கே ஊர்களை நாடு நாடாகப் பிரித்திருக்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு என்று நீளும் வரிசையில் ஆலத்தூர் நாடும் ஒன்று. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மண். மிளகும் காப்பியும் பலாவும் விளையும் பூமி. ஆடல் கலையைப் பற்றிய தொடரில் இந்த மலைக்கு என்ன இடம் என்று கேட்பவர்களுக்குப் புறநானூறு பதில் சொல்லும்.

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடிய புலவர் வன்பரணர். அவருடைய பாட்டு ஒன்றில் ஒரு கூத்தர் கூட்டம் ஓரியைத் தேடி வருகிறது. கூத்தன் தனியாக வரவில்லை, சுற்றமாக வருகிறார்கள். ஓரி அவர்களுக்கு யானைகளையும் அணிகலன்களையும் வெள்ளி நாரில் தொடுத்த மணிக் குவளை மாலைகளையும் அள்ளிக் கொடுக்கிறான். பெற்றவர்கள் ஆடவும் பாடவும் மறந்துவிடுகிறார்கள். பசி தீர்ந்துவிட்டதுதான் அதற்குக் காரணமோ என்று வியக்கிறார் புலவர். ஆடும் காலுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வயிறு இருக்கிறது என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன பாட்டு வேறு இருக்குமா தெரியவில்லை. அந்தக் கலைஞர்களுக்குத் தொழில் ஓரிடம், குடும்பம் ஓரிடம் என்ற பிரிவே இல்லை. கிழவர் முதல் பிள்ளை வரை சேர்ந்து நடந்ததுதான் சுற்றம்.

இன்றைக்கு ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்ட பெண்ணுக்கு அந்தச் சுற்றம் இல்லை. பிள்ளை பிறந்ததும் அவளைச் சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'இனிமேல் எப்படி ஆடப்போகிறாய்?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு அவள் ஒருத்தியே விடை தேட வேண்டும் என்று ஊர் நினைக்கிறது. அது நியாயமில்லை என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்த செய்தி.

பாட்டுக்கு அம்மா, தாளத்துக்குத் தம்பி

தஞ்சாவூர் பாலசரஸ்வதியை எடுத்துக்கொள்வோம். 1918 மே 13 அன்று பிறந்தவர். பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள் தேர்ந்த பாடகி. ஏழு வயதில், 1925-ல், காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அரங்கேற்றம். குரு கந்தப்பப் பிள்ளை. பாலா மேடையில் ஆடியபோது பாடியவர் ஜெயம்மாள். மிருதங்கம் வாசித்தவர் தம்பி ரங்கநாதன். புல்லாங்குழல் இன்னொரு தம்பி விஸ்வநாதன். ஓர் ஆட்டக்காரிக்கு வேண்டிய இசை முழுக்க ஒரே கூரையின் கீழ் இருந்தது.

1940-களின் தொடக்கம் அவருக்குக் கடுமையான காலம். குரு மறைந்தார். தேவதாசி முறைக்கு எதிரான இயக்கத்தின் வேகத்தில், பரம்பரைக் கலைஞர்களுக்கு மேடை அருகிப்போனது. 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டமும் வந்தது. இந்த நெருக்கடிக்கு நடுவில்தான், 1943-ல், ஒரே மகள் லட்சுமி பிறந்தார். உடம்பும் ஒத்துழைக்காமல், மேடையும் கிடைக்காமல் கழிந்த ஆண்டுகள் அவை. ஆட்டம் திரும்பிவர வேண்டும் என்ற வேண்டுதலோடு திருத்தணி முருகன் சந்நிதியில் யாருக்கும் தெரியாமல் ஆடியதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் மீண்டு வந்தார். 1953-ல் மியூசிக் அகாடமியில் நடனப் பள்ளி தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்றார். 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1957-ல் பத்மபூஷண். 1961-ல் டோக்கியோ, 1962-ல் அமெரிக்கா, 1963-ல் எடின்பரோ. 1973-ல் இசைக் கலைஞர்களுக்கே வழங்கிவந்த சங்கீத கலாநிதி விருது ஓர் ஆட்டக் கலைஞருக்குக் கிடைத்தது. இவை எல்லாமே மகள் பிறந்த பிறகு வந்தவை. தாய்மையோடு ஓர் ஆட்டக்காரியின் கதை முடிந்துவிடும் என்று பேசுபவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை வரிசையாகப் படிக்க வேண்டும்.

1976-ல் சத்யஜித் ராய் எடுத்த 'பாலா' ஆவணப்படத்தில், 58 வயது பாலா கடற்கரையில் நின்று 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுகிறார். சேலைத் தலைப்பைக் காற்று இழுக்கிறது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. யசோதையாக நின்று கண்ணனைக் கூப்பிடுகிறார். அந்தக் கை முதலில் கொஞ்சுகிறது, பிறகு கண்டிக்கிறது, உடனே இளகிவிடுகிறது. வீட்டில் பிள்ளையைக் கூப்பிட்டுப் பழகிய கை அது என்று பார்த்தவுடன் தெரியும். பிள்ளை வளர்ப்பு கலையிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது, உண்மைதான். அது திருப்பிக் கொடுப்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

லட்சுமியும் அம்மாவிடம் கற்று ஆட வந்தார். அவர் மகன் அனிருத்தா இன்று அதே மரபில் ஆடுகிறார். இவ்வளவும் சொன்னதால் பழைய பரம்பரை வீடுகளைப் பொற்காலம் என்று கொண்டாடவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் பட்ட அவமானமும் பொருளாதாரச் சார்பும் கொடியவை. ஆனால் ஒன்றை அந்த வீடுகள் சரியாகச் செய்தன. ஆடுகிறவள் பெற்ற பிள்ளையை வீடே சேர்ந்து வளர்த்தது. கலை நடுத்தரக் குடும்பங்களுக்கு இடம் மாறியபோது அடவும் அபிநயமும் வந்து சேர்ந்தன. அந்த ஏற்பாடு மட்டும் வந்து சேரவில்லை.

பாலாவுக்கு இரண்டு நாள் முன்பு, 1918 மே 11 அன்று பிறந்தவர் நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய். விஞ்ஞானி விக்ரம் சாராபாயை 1942-ல் மணந்தார். 1947-ல் மகன் கார்த்திகேயா. இரண்டே ஆண்டில், 1949-ல், அகமதாபாத்தில் 'தர்பணா' நிறுவனம். பிறகு மகள் மல்லிகா. மல்லிகா ஆடக் கற்றார், தாயோடு தர்பணாவை நடத்தினார். 2016-ல் தாய் மறைந்தபோது அவர் உடலின் முன் ஆடியே விடைகொடுத்தார். மிருணாளினிக்குத் தோள்கொடுத்தது செல்வம் படைத்த தொழில் குடும்பம். பாலாவுக்குத் தோள்கொடுத்தது இசைக் குடும்பம். பரம்பரையும் இல்லாமல், செல்வமும் இல்லாமல் ஆட வருபவளுக்குத் தோள்கொடுப்பது யார்?

ஒரு கச்சேரி மாலை

பிரச்சினை எங்கே கடிக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். மாலை ஆறரைக்கு நிகழ்ச்சி என்றால் பிற்பகல் மூன்று மணிக்கே ஒப்பனைக்கு உட்கார வேண்டும். தலைசாமான் வைத்து, சடை பின்னி, ராக்கொடி செருகி, தைத்த உடையை இழுத்துக் கட்டி, ஒட்டியாணம் போட்டாயிற்று என்றால் அதன்பின் அவிழ்க்க முடியாது. பால் குடிக்கும் குழந்தை நாலரைக்கு அழுதால் என்ன செய்வது? முன்னதாகவே பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு வர வேண்டும். அதற்கு அரங்கில் கதவு தாழிடக்கூடிய ஓர் அறை வேண்டும். ஒப்பனை அறையையே நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் அந்த அறைக்கு எங்கே போவது? பிறகு வர்ணம். அரை மணிக்கும் மேல் அரைமண்டியில் நின்று, மூன்று காலத்தில் தீர்மானம் ஆட வேண்டும்.

உடம்பின் நியாயமும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ரிலாக்ஸின் என்ற ஹார்மோன் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களைத் தளர்த்துகிறது. வயிற்றின் நடுத்தசைகள் விலகுகின்றன. இடுப்புத் தளத் தசைகள் பலவீனமாகின்றன. அந்த நிலையில் முழுமண்டியில் உட்கார்ந்து எழுவதும் குதித்துத் தரையில் மிதிப்பதும் ஆபத்து. மகப்பேற்றுக்குப் பின் ஓட்டம் போன்ற அதிர்வுள்ள பயிற்சிகளுக்குக் குறைந்தது மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும் என்று பிரிட்டனின் இயன்முறை மருத்துவர்கள் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். தட்டடவுக்கும் குதித்துமெட்டுக்கும் அது பொருந்தும். சிசேரியன் ஆனவர்கள் இன்னும் நிதானமாகத் திரும்ப வேண்டும். அதுவரை உட்கார்ந்து அபிநயம் பார்க்கலாம், ஜதி சொல்லலாம், நட்டுவாங்கம் பழகலாம். ஆட்டத்தை விட்டு விலகி நிற்காமலே உடம்புக்கு ஓய்வு கொடுக்க நம் மரபிலேயே இத்தனை வழி இருக்கிறது.

பணம் அடுத்த முட்டுக்கட்டை. மகப்பேறு நலச் சட்டம் 1961-ல் வந்தது. 2017 திருத்தத்தில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயமானது. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று வாங்கும் நடனக் கலைஞர் எந்த நிறுவனத்தின் ஊழியர்? பக்கவாத்தியக்காரர்களுக்குத் தன் கையிலிருந்து கொடுத்து ஆடுகிறவர்களே ஏராளம். அவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

கிராமத்து மேடையிலும் நிலைமை வேறல்ல. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் தெருக்கூத்து விடியும்வரை நடக்கிறது. திருவிழாக்கள் கூடும் பங்குனி, சித்திரைதான் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வுக் காலமும். வேடம் கட்டும் அப்பாவுக்கு வருமானம் வரும் மாதமும், பிள்ளைக்கு அப்பா பக்கத்தில் இருக்க வேண்டிய மாதமும் ஒன்றாகிவிடுகின்றன. பிள்ளை வளர்ப்பு தாயின் பாடு மட்டும் என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இயங்குகிறது. உறுப்பினர்களின் பிள்ளைகள் படிக்க அது உதவித்தொகை தருகிறது. பதிவு செய்யாத கலைஞர்கள் உடனே பதிவு செய்துகொள்ளுங்கள்.

செய்ய முடிந்தவை

பகிர்ந்து சுமந்தவர்களின் உதாரணம் நம்மிடையே உண்டு. கலாக்ஷேத்ராவில் பயின்ற தனஞ்செயன், சாந்தா இணையர் 1968-ல் சென்னையில் 'பரதகலாஞ்சலி'யைத் தொடங்கினார்கள். இரண்டு மகன்களை வளர்த்துக்கொண்டே சேர்ந்து ஆடினார்கள், சேர்ந்து கற்பித்தார்கள். 2009-ல் இருவருக்கும் சேர்த்தே பத்மபூஷண் கிடைத்தது. பிரிட்டனில் பெற்றோராக இருக்கும் மேடைக் கலைஞர்களுக்காக 2015-ல் 'பீப்பா' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஒத்திகை நேரத்தை முன்கூட்டியே சொல்வது, பயணத்தில் குழந்தைக்கும் துணைக்கும் இடம் தருவது போன்ற நடைமுறைகளை நாடகக் குழுக்களிடமும் நடனக் குழுக்களிடமும் அது வலியுறுத்துகிறது. இதில் எதுவும் நம் சபாக்களால் முடியாத காரியமல்ல.

மறுபடி ஆலத்தூர் நாட்டுக்கு வருவோம். இங்கே ஒரு பெண் பரதம் கற்க விரும்பினால் மலை இறங்கிச் சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளிக்குப் போகலாம். மூன்றாண்டுப் படிப்பு. ஆனால் சேர்க்கைக்கு வயது 12 முதல் 25 வரை. இருபதில் கல்யாணமாகி, இருபத்திரண்டில் தாயாகி, பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு திரும்பிப் பார்க்கும் பெண்ணுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். தாய்மார்களுக்கு இந்த வயது வரம்பைத் தளர்த்த ஓர் அரசாணை போதும். கலை பண்பாட்டுத் துறை இதைச் செய்ய வேண்டும்.

ஒவ்வோர் ஆடி மாதமும் கொல்லிமலையின் செம்மேட்டில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. கலைஞர்கள் மலையேறி வந்து ஆடுகிறார்கள். வரும் ஆண்டு மேடைக்குப் பின்னால் கலைஞர்களின் குழந்தைகளுக்கு ஓர் அறையும், பார்த்துக்கொள்ள ஓர் அங்கன்வாடிப் பணியாளரும் ஏற்பாடு செய்யுங்கள். குடும்பத்தோடு வந்த கூத்தர்களை வரவேற்ற தலைவனின் பெயரால் நடக்கும் விழாவுக்கு அது தகும். சபா நடத்துபவர்களே, ஊர்த் திருவிழா எடுப்பவர்களே, அடுத்த முறை ஒரு பெண் கலைஞரை அழைக்கும்போது 'குழந்தையோடு வருகிறீர்களா? என்ன ஏற்பாடு வேண்டும்?' என்று நீங்களாகக் கேளுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மெலட்டூர்