எண்பது நிமிட ஆட்டமும் மூன்று நாட் பயணமும்

றக்பி ஆட்டம் எண்பது நிமிடங்களில் முடிந்துவிடும். அதனைக் காணும் பயணத்துக்கோ மாதக்கணக்கிற் திட்டமிடல் வேண்டும். இலண்டனிலுள்ள உறவினரைக் காணச் செல்லும் நம்மவர், ஆறு நாடுகளின் போட்டி நிகழும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வேல்ஸ் நாட்டின் தலைநகராகிய கார்டிஃபுக்கும் சென்று வரலாம். பாடிங்டன் நிலையத்திலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்.

1999 இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்கு, நகரின் நடுவே, டாஃப் ஆற்றங்கரையில், புகையிரத நிலையத்துக்கு அண்மையில் உள்ளது. அதன் கூரையை மூடவும் திறக்கவும் இயலும். எழுபதினாயிரம் பேருக்கு மேல் அங்கு அமரலாம்.

இவ்வண்மையே இடையூறுமாகும். ஆட்ட நாளிற் சூழவுள்ள வீதிகள் மூடப்படும். ஆட்டம் முடிந்ததும் நிலையத்தில் நீண்ட வரிசை நிற்கும். ஆதலின் அன்றிரவே திரும்ப எண்ணாது தங்குதல் நன்று. முதலில் ஆட்டச் சீட்டு, அடுத்துத் தங்குமிடம், பின்னரே புகையிரதச் சீட்டு என்பது தக்க ஒழுங்கு. முதல் நாளில் உரோமர் அரணிருந்த இடத்தில் எழுந்த கார்டிஃப் கோட்டையைக் காணலாம். கட்டணமின்றி நுழையக்கூடிய தேசிய அருங்காட்சியகத்தை ஆட்டத்தின் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறவற்க: ஆட்டம் தொடங்குமுன்னரே இருக்கையில் அமர்தல் வேண்டும். 1905 இல் இந்நகரில் நியூசிலாந்தை எதிர்த்த வேல்ஸ் வீரர், ஆட்டத்துக்கு முன் தம் தாய்மொழியில் நாட்டுப்பண் பாடி, 3–0 என வென்றனர். இன்றும் பல்லாயிரவர் அதனை ஒருகுரலாகப் பாடுகின்றனர். ஆங்கிலத்தின் அருகே வாழும் சிறிய மொழியொன்றை அதன் மக்கள் எங்ஙனம் போற்றுகின்றனர் என்பதை நம் மாணவர் அங்கே செவியாரக் கேட்கலாம்.