அடுப்பேறாத பொடி

டீ ஆறுவதற்குள் ஒரு ஜப்பானியப் பொடியைப் பற்றிப் பேசிவிடலாம். பெயர் ஷிச்சிமி தோகராஷி. ஷிச்சி என்றால் ஏழு, மி என்றால் சுவை, தோகராஷி என்றால் மிளகாய். 1625இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், மருந்து வியாபாரிகள் நிறைந்த யாகென்போரி பகுதியில் பிறந்தது. யாகென் என்பதே மருந்து அரைக்கும் படகு வடிவக் கருவியின் பெயர்தான். நம் சுக்கு, மிளகு, திப்பிலி போல, மருந்துக் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த பொடி இது.

டோக்கியோக்காரர்களின் ஏழு இவை: காய்ந்த மிளகாய், வறுத்த மிளகாய், கறுப்பு எள், கசகசா, கமலா ஆரஞ்சுத் தோல், போதை தராத கஞ்சா விதை, சன்ஷோ. ஊர் மாறினால் இஞ்சியோ கடற்பாசியோ சேரும். நம் சாம்பார்ப் பொடியும் வீட்டுக்கு வீடு மாறத்தானே செய்கிறது? சன்ஷோவை மிளகு என்பார்கள். ஆனால் அது எலுமிச்சை, கறிவேப்பிலை குடும்பம். எலுமிச்சை வாசம் வரும், நாக்கு லேசாக மரத்துப்போகும்.

எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில். பொடி என்றதும் மசாலா என்று எண்ணி எண்ணெயில் வதக்கிவிடுகிறோம். ஆரஞ்சுத் தோலிலும் சன்ஷோவிலும் இருக்கும் மணம் சூடு பட்டால் பறந்துவிடும். வீடு மணக்கும், தட்டு மணக்காது. இட்லிப் பொடியை நாம் தாளிப்பதில்லை அல்லவா? பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவையும் பாருங்கள். காய்ந்த மிளகாய்த் தூள், நூடுல்ஸைக் கையால் பிசையும்போதுதான் விழுகிறது. ஷிச்சிமியும் அந்த வகைதான்.

நம் ஊரில் இதைச் செய்ய முடியுமா? பெரும்பகுதி முடியும். கமலாத் தோலின் உள்வெள்ளை கசக்கும், அதைச் சுரண்டிவிட்டு மொட்டைமாடியில் மொறுமொறுவென்று காயவிடுவோம். எள்ளையும் கசகசாவையும் எண்ணெயில்லாமல் வறுத்து ஆறவைப்போம். மிளகாய் 2 பங்கு, தோல், எள், கசகசா ஒவ்வொன்றும் 1 பங்கு, சுக்குத்தூள் அரைப் பங்கு. மிளகாயையும் தோலையும் கொரகொரப்பாக இடித்து, எள்ளையும் கசகசாவையும் முழுதாகவே கலப்போம். கடிபடும்போது ஒவ்வொரு சுவையும் தனித்தனியே தெரிய வேண்டும், அதனால் மாவாக்க வேண்டாம். சன்ஷோ கிடைக்காவிட்டால் காய்ந்த கறிவேப்பிலையை நொறுக்கிப் போடலாம். மரமரப்பு வராது, வாசனை வரும்.

கொஞ்சமாகச் செய்து, மூடி இறுகிய பாட்டிலில் வையுங்கள். ஜப்பானில் உடோன், சோபா நூடுல்ஸ் மேல் தூவுகிறார்கள். நமக்கு வறுத்த வஞ்சிரம், சூப், அத்தோ இருக்கின்றன. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, சாப்பிடும் தட்டில் தூவுங்கள்.