சதுரங்கப் புதிர்களைப் பயிலும் முறை

சதுரங்கம் பயிலும் மாணவர் பலர் நாள்தோறும் எண்ணற்ற புதிர்களைச் செய்கின்றனர். எனினும் போட்டியில் அமர்ந்ததும் அப்பயிற்சி கைகொடுப்பதில்லை. காரணம் யாது? முடிவைக் காணுமுன் காயை நகர்த்தும் பழக்கமே.

பழைய புதிரொன்றை நோக்குவோம். மூலையில் ஒதுங்கிய பகையரசனுக்கு அருகில் இராணியைப் பலியிடுகிறோம். எம் குதிரை அக்கட்டத்தைக் காப்பதால் அரசன் அதனை வெட்ட இயலாது. அவனது கோட்டையே வெட்டி, அவன் வழியை அடைக்கிறது. உடனே குதிரை பாய்ந்து ஆட்டத்தை முடிக்கிறது. 1497 இல் வெளிவந்த லுசேனாவின் ஸ்பானிய நூலிலேயே இம்முறை உண்டு. முதல் நகர்வை ஊகித்தவன் புதிரை விடுவித்தவனல்லன். இறுதிவரை மனத்திற் கண்டவனே விடுவித்தவன்.

1973 இல் சேஸ், சைமன் என்னும் ஆய்வாளர் ஒரு சோதனை நிகழ்த்தினர். உண்மை ஆட்டங்களின் நிலைகளைச் சில விநாடிகளே கண்ட வல்லுநர், அவற்றை நினைவிலிருந்து புதியவரினும் மிகச் சிறப்பாக அடுக்கினர். காய்களை ஒழுங்கின்றி வைத்தபோதோ புதியவரினும் அவர் சிறக்கவில்லை. வல்லமை என்பது பழகிய அமைப்புக்களின் சேமிப்பே என்பது இதனாற் புலனாகும்.

ஆதலின், புதிர்கள் சிலவேயாயினும் காய்களைத் தொடாது சிந்தித்து, எதிரியின் சிறந்த மறுமொழியையும் சேர்த்து விடையைத் தாளில் எழுதுக. தவறியவற்றைக் குறித்துவைத்துச் சில நாட்களின் பின் மீண்டும் செய்க.

போட்டியில், "இங்கே புதிர் உண்டு" என எவரும் உரையார். எதிரியின் நோக்கம் யாதென ஒவ்வொரு நகர்வின் முன்னும் தன்னையே வினவுபவன் அதனைத் தானே கண்டுகொள்வான்.