சாலைக்கு யாருடைய பெயர்?

கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இளையாத்தங்குடி சிறிய ஊர்தான். ஆனால் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று அங்கே இருக்கிறது. கைலாசநாதர், நித்தியகல்யாணி சன்னிதிகளைத் தங்கள் குலக்கோயிலாகக் கொண்டவர்கள் ஏழு உட்பிரிவினர். காஞ்சி மடத்தின் 65ஆவது பீடாதிபதி 1890இல் சித்தியடைந்து, அவருடைய அதிஷ்டானம் அமைந்ததும் இங்கேதான். 1962இல் ஆகம சிற்ப சதஸ் கூடியதும் இதே ஊரில்தான். தெய்வத்துக்கும் துறவிக்கும் கொடையாளருக்கும் நினைவிடம் எழுப்புவதில் செட்டிநாடு குறை வைத்ததே இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவரிலும் ஊருணிப் படித்துறையிலும் கொடுத்தவர் பெயரைக் கல்லில் பார்க்கலாம். அந்தப் பள்ளிக்கு ஆசிரியர் பணியிடம் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு எழுதியவர் உண்டு. ஊருணி வரத்துக்கால் தூர்ந்துபோகாமல் காத்தவரும், பஞ்சாயத்துக் கணக்கில் ஒரு காசு பிசகாமல் பார்த்துக்கொண்டவரும் உண்டு. இவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஊரை ஊரோடு இணைக்கும் கிராமச் சாலைகளோ பெரும்பாலும் இரண்டு முனைகளின் ஊர்ப்பெயரால் மட்டுமே அறியப்படுகின்றன. அந்தச் சாலைகளுக்கு, அவ்வூரிலேயே நெடுங்காலம் பொதுப்பணி செய்து மறைந்தவர்களின் பெயரைத்தான் வைக்க வேண்டும். மாநிலம் முழுக்க ஏற்கெனவே ஆயிரம் பலகைகளில் இருக்கும் தலைவர்களின் பெயரை மீண்டும் ஒருமுறை எழுத வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இதற்கு நல்ல சான்று மதுரையில் இருக்கிறது. 1840களை ஒட்டி, பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில், நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. நெருக்கடியில் தவித்த நகரம் அதன் பிறகுதான் வெளியே விரிந்தது. சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரால் வழங்கும் வீதிகளுக்கு அப்பால் புதிய வீதிகள் உருவாயின. அவற்றில் சில மாரட் வீதிகள், சில பெருமாள் மேஸ்திரி வீதிகள். மாரட் நில அளவையாளர். பெருமாள் வேலையை நடத்திய மேஸ்திரி. கலெக்டருக்கு ஒரு விளக்குத்தூண் கிடைத்தது. வெயிலில் நின்று ஆள்களை வேலை வாங்கிய மனிதருக்கோ வீதிகளே கிடைத்தன. நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த மேஸ்திரியின் பெயர் புழங்குகிறது. இந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம் எளியது. அவர் எந்த மண்ணில் உழைத்தாரோ அந்த மண்ணுக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது. பெயரையும் இடத்தையும் பிரிக்க முடியாதபடி அவருடைய வேலையே இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது.

மண்ணை விட்டு விலகிய பெயருக்கு என்ன ஆகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. இளையாத்தங்குடியும் காரைக்குடியும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். அந்தப் பழைய மாவட்டத்தின் ஜில்லா போர்டுத் தலைவராக 1928இல் வந்தவர் பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். தாழ்த்தப்பட்ட மக்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்த காலம் அது. அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். ஒரு ஜில்லா போர்டுத் தலைவர் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட சாலைகளில் இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்? அவருடைய பெயரைச் சென்னை தியாகராய நகரின் கடைவீதி தாங்கியிருக்கிறது: சௌந்தரபாண்டியனார் அங்காடி, பேச்சுவழக்கில் பாண்டி பஜார். ஆனால் பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போகிறவர்களில் பலர் அதைப் புதுச்சேரியோடு முடிச்சுப் போடுகிறார்கள். அவர் யார், என்ன செய்தார் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அந்தப் பேருந்துகள் ஓடிய வட்டாரத்தில், ஏதாவது ஒரு சாலையின் ஓரத்தில், காரணத்தைச் சொல்லும் கல்லோடு அந்தப் பெயர் நின்றிருந்தால் பள்ளிப் பிள்ளைகளே வழிப்போக்கருக்குக் கதை சொல்லியிருப்பார்கள்.

மறுப்புகளைப் பார்ப்போம். தெருவுக்கு மனிதர் பெயர் வைத்தால் சாதி நுழைந்துவிடும் என்பது முதலாவது. இந்த அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. 1970களின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சி தெருப் பெயர்களிலிருந்து சாதி ஒட்டுகளை நீக்கியது. 2025 அக்டோபரிலும் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்தது. நோக்கம் சரியானது, அதில் எனக்குத் தயக்கமில்லை. நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரும் சென்னை மாநகராட்சி உறுப்பினராக இருந்தவருமான டி.எம். நாயரின் சாலை, ஒட்டு போனதும் வெறும் ‘டாக்டர் சாலை’ ஆகி ஆளே காணாமல் போனார் என்பதும் உண்மை. ஆனால் இதற்குத் தீர்வு செட்டிநாட்டிலேயே உண்டு. இங்கே குடும்பங்களை விலாசத்தால், அதாவது முன்னோர் பெயர்களின் தலையெழுத்துகளால் சொல்வது வழக்கம். காரைக்குடியில் மெ.மெ. வீதி என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஊர்ப்பெயரின் முதலெழுத்து, தந்தை பெயரின் முதலெழுத்து, பிறகு ஆளின் பெயர், செய்த பணி என்று எழுதினால் சாதிக்கு அங்கே வேலையே இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அதற்குத் தலைமை தாங்கியவரும் மேலே சொன்ன சௌந்தரபாண்டியன்தான்.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கடுமையானது. சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்தவருக்கு எதற்குச் சாலை? கொடையாளர் தன் சொத்தைக் கொடுத்தார். காரைக்குடிக்கு ஆய்வகம் வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்த அழகப்பரோடு ஒரு பஞ்சாயத்து எழுத்தரை எப்படிச் சேர்த்துச் சொல்வது? சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பெருமாள் மேஸ்திரியும் கூலி வாங்கியவர்தான். சம்பளம் வேலை நேரத்துக்கானது. நள்ளிரவில் பிரசவ வலி என்று கதவைத் தட்டினால் எழுந்து வந்த செவிலியரின் முப்பது ஆண்டுகளைச் சம்பளப் பட்டியல் கணக்கிடாது. கொடை ஒரு நாளில் நடந்து கல்வெட்டாகிவிடுகிறது. பொதுப்பணி தினமும் நடப்பதால் கண்ணில் படாமலே போகிறது. கண்ணில் படாததை எழுதி வைப்பதற்குத்தான் பலகை தேவை.

பெயர் மாற்றினால் ஆதார், குடும்ப அட்டை, பட்டா, வங்கிக் கணக்கு என எல்லாவற்றையும் திருத்த வேண்டும் என்பதும் நியாயமான கவலை. பழைய பெயரை அழிப்பதை நானும் ஆதரிக்கவில்லை. பழைய பெயரும் யாரோ ஒருவருடைய நினைவுதான். பெயரில்லாத இணைப்புச் சாலைகளும் புதிய குடியிருப்புகளும் ஏராளமாக இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. நியூயார்க்கில் பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு அதனோடு இரண்டாவது பலகையாக நினைவுப் பெயரைச் சேர்க்கிறார்கள். முகவரி மாறாது.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, யாருக்கு என்ற சச்சரவு. பதவியில் இருப்பவர் தன் தகப்பனார் பெயரை வைத்துக்கொள்வார் என்ற பயம் பொய்யல்ல. இலண்டனில் நீல வட்டப் பலகை பெற ஒருவர் இறந்து இருபது ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். நமக்கு அவ்வளவு நீண்ட காலம் ஒத்துவராது. அவரோடு பழகியவர்கள் உயிரோடு இருந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பதால் பத்தாண்டு போதும் என்று நினைக்கிறேன். அதற்குள் கட்சிச் சூடு தணிந்துவிடும். நன்றி இருந்தால் அது மட்டும் மிஞ்சும். முன்மொழிபவர் உறவினராக இருக்கக் கூடாது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பணியில் இருந்தார், இந்தச் சாலைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று அரைப் பக்கமாவது எழுத்தில் தர வேண்டும். எழுத முடியாவிட்டால் அந்தப் பெயர் தகுதி பெறவில்லை என்று கொள்ளலாம். தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22இல் முன்மொழிவைப் படித்துவிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். மறுப்பு இருப்பவர்கள் மே 1இலும் ஆகஸ்டு 15இலும் எழுந்து பேசட்டும். அக்டோபர் 2இல் தீர்மானம் நிறைவேற்றி அரசு ஒப்புதலுக்கு அனுப்பலாம். அந்த அரைப் பக்கத்தையே சுருக்கி, நாலு வரியாகக் கல்லில் வெட்டி, சாலை தொடங்கும் இடத்தில் நட வேண்டும்.